நாகசாகியில் பிறந்த எம்மா

1860ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி யப்பானின் நாகசாகித் துறைமுகப் பட்டினத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் கீடோ வேர்பெக், ஒல்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து பொறியியலாளராக வேலைபார்த்துப் பின்பு மிஷனரியானவர். தாயார் மரியா. குழந்தைக்கு எம்மா ஜப்போனிக்கா என்று பெயர் வைத்தார்கள். ஜப்போனிக்கா என்ற இலத்தீன் சொல்லுக்கு யப்பானுக்கு உரியவள் என்று பொருள். அந்த நாட்டில் மரியா கால்வைத்து அப்போது ஒரு மாதங்கூட நிறையவில்லை. அதற்குள் அதன் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிவிட்டார்கள். இரண்டு கிழமையில் குழந்தை இறந்துவிட்டது.

மூன்று ஆண்டுகளின் பின் அவர்களுக்கு மீண்டும் ஒரு பெண் பிள்ளை கிடைத்தது. அதற்கும் எம்மா என்றே பெயரிட்டார்கள்.

யப்பானில் புரட்டஸ்தாந்து மறைப்பணியின் வரலாற்றை எழுதியோர் இந்தச் செய்தியை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வேர்பெக் யாருக்கு ஆங்கிலம் கற்பித்தார், எந்த அமைச்சருக்கு ஆலோசனை சொன்னார் என்ற பெரிய காரியங்களுக்குப் போய்விடுகிறார்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய மிஷன் தேவாலய வளவுகளில் நடந்து பார்த்த நேயர்களுக்கு அதன் காரணம் விளங்கும். பெரியவர்களின் கல்லறைகளுக்கு அருகே முழங்கால் உயரங்கூட இல்லாத சின்னக் கற்கள் சில இருக்கும். சிறுவயதில் அவற்றின்மேல் ஏறியிருந்து நாங்கள் புளியங்காய் தின்றிருக்கிறோம். அவை பிள்ளைகளின் கல்லறைகள் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வேர்பெக் குடும்பம் வந்த காலத்து யப்பானைச் சற்றுப் பார்ப்போம். 1858இல் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி 1859இல் நாகசாகி, கனகாவா முதலிய துறைமுகங்கள் அமெரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் திறக்கப்பட்டன. அவர்கள் தமக்கென்று குறித்த இடத்தில் குடியிருக்கலாம், தம் சமயப்படி வழிபடலாம். ஆனால் யப்பானியர் ஒருவர் கிறிஸ்தவராவது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மரணதண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. தெருமுனைகளில் நட்ட மரப்பலகைகளில் அந்தத் தடை எழுதியிருந்தது. பலகைகள் அகற்றப்பட்டது 1873ஆம் ஆண்டிலேதான்.

ஆக, முதல் மிஷனரிமார் போதிக்க முடியாத ஒரு நாட்டுக்குப் போதிக்க வந்தவர்கள். அவர்களால் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று, குடியிருப்பது. வீட்டைப் பிடித்து, அடுப்பை மூட்டி, பிள்ளைகளைப் பெற்று, அயலவர் பார்க்க வாழ்வது. பாஷை படிப்பதும், நோயாளருக்கு மருந்து கொடுப்பதும், கேட்டு வந்த இளைஞருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் அந்த வீட்டுக்குள்ளேயே நடந்தன. சபை நிருவாகங்கள் ஆண்களைத்தான் ஊழியர் என்று பதிவு செய்தன. ஆனால் பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் அங்கே மறைப்பணியாக இருந்தது குடும்பந்தான் என்பது என் துணிபு. அதற்கான விலையையும் குடும்பமே கொடுத்தது.

இதற்கு நாகசாகி வீட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. சாகா சிற்றரசின் உயர் அலுவலரான முராத்தா வகாசா என்பவர் பல ஆண்டுகளுக்கு முன் துறைமுகத்து நீரில் மிதந்துவந்த புதிய ஏற்பாட்டு நூல் ஒன்றைப் பெற்று, அதைப் படித்து விளங்க ஆசைகொண்டார். தாம் நேரே வர இயலாமையால் வேறு ஆட்களை வேர்பெக்கிடம் அனுப்பிப் பாடங்கேட்டார். 1866 மே மாதம் அவரும் அவருடைய தம்பியும் இரவில் வேர்பெக் வீட்டில் ஞானஸ்நானம் பெற்றார்கள். யன்னற் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. வெளியாட்களில் ஒருவருக்கும் தெரியாது. சாட்சியாக நின்றவர் மரியா ஒருவரே. செய்தி கசிந்திருந்தால் முராத்தாவுக்குத் தலை போயிருக்கும். பிள்ளைகள் தூங்கும் வீட்டில் கணவர் இத்தகைய காரியத்தைச் செய்ய, விளக்குக்கு அருகே நின்ற அந்தப் பெண்ணை எந்தச் சபைப் பதிவேடும் ஊழியர் என்று குறிக்கவில்லை.

அதே 1859இல் ஒக்டோபர் மாதம் கனகாவாவில் வந்து இறங்கியவர்கள் டொக்டர் ஜேம்ஸ் கேர்ட்டிஸ் ஹெப்பேர்னும் அவர் மனைவி கிளாராவும். யப்பானியர் வாயில் அந்தப் பெயர் 'ஹெபொன்' ஆயிற்று. இன்றும் அவர்களுக்கு அவர் ஹெபொன்தான். அவரைப் பற்றிப் பேசும் எவரும் அகராதியில் தொடங்குவார்கள். நான் மகனில் தொடங்குகிறேன்.

ஹெப்பேர்ன் தம்பதியருக்கு யப்பான் முதல் வெளிநாடன்று. 1841இல் அவர்கள் கப்பலேறிச் சிங்கப்பூருக்கும், பின்பு சீனாவின் அமோய்க்கும் போயிருந்தார்கள். சிங்கப்பூரில் பிறந்த குழந்தை தங்கவில்லை. அமோயில் 1844இல் பிறந்த சாமுவேல் தங்கினான். காய்ச்சல் வாட்டியதால் நியூயோர்க் திரும்பி, அங்கே ஹெப்பேர்ன் பதின்மூன்று ஆண்டுகள் பெயர்பெற்ற வைத்தியராக இருந்தார். கையில் பணமும் வந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்த மூன்று ஆண்பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகச் சிறுவயதிலேயே நோய்க்குப் பலியானார்கள். வைத்தியரின் வீட்டிலேயே.

எஞ்சியவன் சாமுவேல் ஒருவன். யப்பானுக்குப் புறப்பட்டபோது அவனுக்கு வயது பதினான்கு பதினைந்து. அவனை அமெரிக்காவில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் கப்பலேறினார்கள். 1859 ஏப்பிரலில் புறப்பட்டு ஒக்டோபரில் கரைசேர்ந்த பயணம் அது. ஒரு கடிதம் போய் மறுமொழி வருவதற்குள் பையனுக்கு ஒரு வயது கூடிவிடும். இறைவனின் அழைப்பு என்று அவர்கள் இதைச் சொன்னார்கள். ஹெப்பேர்னின் உழைப்பிலும் எளிமையிலும் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் நான்கு பிள்ளைகளைப் புதைத்தவர்கள் ஐந்தாவது பிள்ளையை விட்டுப் போனதை எத்தனைமுறை யோசித்தாலும் எனக்கு முழுதாக ஒப்புக்கொள்ள முடிவதில்லை. கிளாராவுக்கும் முடியவில்லைப்போலும். 1861இல் கணவரைத் தனியே விட்டு அவர் அமெரிக்காவுக்குப் போனார். 1863 வரை திரும்பி வரவில்லை.

கனகாவாவில் அவர்கள் குடியேறியது ஜோபுத்சுஜி என்னும் பௌத்த கோயிலில். வெளிநாட்டாருக்கு வீடு இல்லாமையால் அரசு கோயில்களை வாடகைக்குக் கொடுத்தது. பிரதான மண்டபத்தில் ஹெப்பேர்ன் குடும்பம். பிக்குகள் தங்கும் பகுதியில் சாமுவேல் ரொபின்ஸ் பிரவுனும் அவர் மனைவி மக்களும். புத்தர் அமர்ந்த மண்டபத்தில் தடுப்பு வைத்துக் கட்டில் போட்டுச் சாப்பாட்டு மேசை வைத்த வாழ்க்கை. வெளியே நிலைமை நல்லதாக இல்லை. 1861 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர் ஹியூஸ்கன் எதோ நகரத்தில் வாளால் வெட்டுண்டு இறந்தார். 1862 செப்டெம்பரில் நமமுகி என்ற கிராமத்தில் சத்சுமா வீரர்கள் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயரைக் கொன்றார்கள். அவரோடு காயமடைந்து தப்பிவந்த இருவருக்கு மருந்து கட்டியவர் ஹெப்பேர்ன். அந்த வருட முடிவில் அவர் யொக்கோஹாமாவின் வெளிநாட்டார் குடியிருப்பில் 39ஆம் இலக்க வளவுக்கு மாறினார்.

அந்த 39ஆம் இலக்கம் ஒரு விசித்திரமான வீடு. ஒரு பக்கம் மருந்துச்சாலை. ஒரு பக்கம் அகராதி வேலை. கண்நோய்க்கு மருந்து கேட்டு வந்த கிஷிதா கின்கோ என்ற எழுத்தாளர் அகராதி வேலைக்கு உதவியாளராக நின்றுவிட்டார். பின்னாளில் யப்பானியப் பத்திரிகையுலகின் முன்னோடிகளில் ஒருவரானவர் அவர். வைத்தியரிடம் கற்ற கண்மருந்தைத் தயாரித்து விற்று நன்றாகச் சம்பாதித்தவருங்கூட. யப்பானிய எழுத்துக்கள் கொண்ட அச்சகம் அப்போது யொக்கோஹாமாவில் கிடையாது. எனவே ஹெப்பேர்ன், கிளாரா, கின்கோ மூவரும் ஷாங்காய்க்குப் போய் மாதக்கணக்கில் தங்கி, மிஷன் அச்சகத்தில் எழுத்து வார்த்து, 1867இல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட யப்பானிய ஆங்கில அகராதியை வெளியிட்டார்கள். யப்பானியச் சொற்களை ரோம எழுத்தில் எழுத அவர் கையாண்ட முறை 1886இல் வந்த மூன்றாம் பதிப்பில் செம்மையடைந்தது. அந்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் பெயர் எழுதும் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அகராதி என்றதும் நமக்கு வின்ஸ்லோ நினைவுக்கு வருவார். அவருடைய தமிழ் ஆங்கில அகராதி சென்னையில் வெளிவந்தது 1862இல், ஹெப்பேர்னுக்கு ஐந்து ஆண்டுகள் முந்தி. அவ்வேலைக்கான தொடக்கங்கள் யாழ்ப்பாணத்தில் நடந்தவை. அவர் மனைவி ஹரியற் உடுவிலில் பெண்கள் பள்ளியைத் தொடக்கி 1833இல் அங்கேயே காலமானவர். இரண்டு அகராதிகளுக்குப் பின்னாலும் ஒரு பெண்ணும் ஒரு பள்ளியும் இருப்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

கிளாரா 1863இல் திரும்பிவந்ததும் 39ஆம் இலக்க வீட்டில் ஒரு சிறு வகுப்பைத் தொடங்கினார். அங்கே ஆங்கிலம் படித்தவர்களுள் ஒருவர் ஹயாஷி ததாசு. 1902இல் இலண்டனில் ஆங்கில யப்பானிய நட்புறவு உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர் இவர்தான். இன்னொருவர் செந்தாயிலிருந்து வந்த சிறுவன் தகஹாஷி கொரெகியோ. 1921இல் பிரதமராகி, நிதியமைச்சராக இருந்தபோது 1936 பெப்ரவரி 26இல் இராணுவக் கிளர்ச்சிக்காரரால் கொல்லப்பட்டவர். 1870இல் மேரி கிடர் என்ற ஆசிரியை கிளாராவின் மாணவர் சிலரைப் பொறுப்பேற்று அதே வளவில் கற்பிக்கத் தொடங்கினார். அதுவே ஃபெரிஸ் என்ற பெயரில் பெண்கள் கல்லூரியாக வளர்ந்தது. சொந்தப் பிள்ளைகளை இழந்தவர் ஊரார் பிள்ளைகளை வளர்த்து ஆறுதலடைந்தார் என்று இதை முடித்துவிடலாம். மேடையில் அப்படிப் பேசினால் கைதட்டும் கிடைக்கும். எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடு என்ற கணக்கு எந்தத் தாயிடமும் இல்லை. சாமுவேலும் வளர்ந்தபின் யொக்கோஹாமாவுக்கு வந்தான், மிஷனரியாகவன்று, வணிக நிறுவனமொன்றில் வேலைபார்க்க.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிஷன் வீடுகளின் துயரத்தைப் பேசும்போது, அதே நாகசாகியின் ஓரத்தில் உரகாமி என்ற ஊரில் வாழ்ந்த யப்பானியக் குடும்பங்களை மறந்தால் நாம் நியாயமாகப் பேசியவர்களல்லர். இருநூற்றைம்பது ஆண்டுகள் இரகசியமாகத் தம் விசுவாசத்தைக் காத்த கத்தோலிக்கர் அவர்கள். பாட்டி பேத்திக்குச் செபஞ் சொல்லிக்கொடுத்து, குருவானவரே இல்லாமல் தாமே ஞானஸ்நானங் கொடுத்து வாழ்ந்தவர்கள். 1865 மார்ச்சில் ஓவுரா தேவாலயத்துக்கு வந்து தம்மை வெளிப்படுத்தினார்கள். 1868 தொடக்கம் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரோடு பெயர்க்கப்பட்டுப் பல சிற்றரசுகளுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். 1873இல் திரும்பிவர விடுமுன் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். வேர்பெக்குக்குக் கடல் திறந்திருந்தது. 1863இல் நிலைமை மோசமானபோது அவர் குடும்பத்தோடு ஷாங்காய்க்குப் போய்ச் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். இரண்டாவது எம்மா பிறந்தது அந்தச் சமயத்தில்தான். உரகாமிக் குடியானவனுக்குப் போக ஒரு ஷாங்காய் இருக்கவில்லை.

வேர்பெக்கின் பின்வாழ்வு வேறோர் சிக்கலைக் காட்டுகிறது. 1869இல் அரசு அவரைத் தலைநகருக்கு அழைத்தது. நாகசாகியில் அவரிடம் படித்த ஓக்குமா ஷிகெநோபு பின்பு இருமுறை பிரதமரானார். அத்தனை செல்வாக்கிருந்தும் வேர்பெக்குக்கு நாடு இல்லை. ஒல்லாந்தைவிட்டு நெடுங்காலம் விலகியிருந்ததால் அந்தக் குடியுரிமை போயிற்று. அமெரிக்கக் குடியுரிமையை முறைப்படி பெறுவதற்குள் யப்பான் வந்துவிட்டார். கேட்டபோது அமெரிக்காவும் கொடுக்கவில்லை. கடைசியில் 1891இல் யப்பானிய அரசே அவருக்கும் குடும்பத்துக்கும் நாட்டுக்குள் எங்கும் சென்று தங்கத்தக்க சிறப்புக் கடவுச்சீட்டை வழங்கியது. ஏனைய வெளிநாட்டார் குடியிருப்பு எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டிய காலம் அது. ஆனால் நாடு கிடைத்த நேரத்தில் வீடு பிரிந்திருந்தது. குடும்பத்தின் பெரும்பகுதி கலிபோர்னியாவில், அவர் டோக்கியோவில். நாகசாகியில் 1861இல் பிறந்த மகன் வில்லியம் நியூயோர்க் மாநிலப் படைகளின் தலைமை அதிகாரியாக உயர்ந்தார். இரண்டாவது எம்மா டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த ஹென்றி டெரியை மணந்தார். தகப்பனார் 1898 மார்ச்சில் டோக்கியோவில் காலமாகி அயோயமா இடுகாட்டில் அடக்கமானார்.

இப்படி உலகத்தில் சிதறிய மிஷன் பிள்ளைகளுள் நம்முடைய மண்ணில் பிறந்த ஒருவரும் உண்டு என்பதை இடைநடுவே சொல்லிவைக்கிறேன். பண்டத்தரிப்பில் டொக்டர் ஜோன் ஸ்கடரின் வீட்டில் 1822இல் பிறந்தவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர். படிப்புக்காகச் சிறுவயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, மீண்டு வந்து ஆர்க்காட்டு மிஷனைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பின்பு அமெரிக்காவில் பல சபைகளில் போதகராக இருந்துவிட்டு, அறுபத்தைந்து வயதில், 1887இல், யப்பானுக்குப் புறப்பட்டார். அங்கே நீகாத்தாவில் அவருடைய மகன் டொரேமஸ் ஏற்கெனவே பணிசெய்துகொண்டிருந்தார். பிள்ளைகளைப் பிரிந்த பெற்றோரின் கதைகளுக்கு நடுவே மகனைத் தேடிப்போன ஒரு தகப்பனின் கதை இது. பண்டத்தரிப்பு வளவுமண்ணில் விளையாடிய கால்கள் முதுமையில் நீகாத்தாவின் பனியில் நடந்திருக்கின்றன.

நூற்றாண்டு திரும்பியபோது மிஷன் குடும்பங்களின் வாழ்க்கை இலகுவாகிவிட்டது. கோடையில் கருயிசாவா மலையூருக்குப் போனார்கள். ஷோ என்ற ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் 1886இல் தொடக்கிவைத்த வழக்கம் அது. 1902இல் டோக்கியோவில் அமெரிக்கப் பள்ளி வந்தபின் பிள்ளைகளைக் கப்பலேற்ற வேண்டியிருக்கவில்லை.

அக்காலத்துப் பிள்ளை எட்வின் ரைஷவர். 1910இல் டோக்கியோவில் மெய்ஜி கக்குயின் வளவுக்குள் பிறந்தவர். அந்தக் கல்விநிலையத்தின் முதல் தலைவர் நம்முடைய ஹெப்பேர்ன்தான். எட்வினின் தகப்பனார் ஓகஸ்ட் கார்ல் ரைஷவர் அங்கே கற்பிக்க வந்தது 1905இல். மறைப்பணிக்கு வந்து யப்பானிய பௌத்தத்தை ஆழ்ந்து கற்று 1917இல் அதுபற்றி ஒரு பெருநூலே எழுதியவர். வீட்டில் எட்வினுக்கு யப்பானியப் பேச்சு வேலைக்காரப் பெண்களிடமிருந்து தானாக வந்தது. பள்ளியிலோ எல்லாம் அமெரிக்கப் பாடம். யப்பானிய எழுத்தை முறையாகக் கற்றது வளர்ந்தபின் பல்கலைக்கழகத்தில். கனடாவில் இருக்கும் என் பேரனும் இதே நிலையில்தான் இருக்கிறான். தொலைபேசியில் "அம்மப்பா, சாப்பிட்டீங்களோ?" என்று நன்றாகக் கதைப்பான். இந்தக் கட்டுரையை அவனுக்கு அனுப்பினால் ஒரு வரி வாசிக்கமாட்டான். சாமுவேலைப் பற்றி ஹெப்பேர்ன்மேல் நான் கோபப்பட்டதை எழுதியபோது, என் பிள்ளைகளை விமானமேற்றியவன் நானே என்பது நினைவுக்கு வந்து பேனாவைச் சற்றுக் கீழே வைத்தேன்.

எட்வின் 1961இல் அமெரிக்கத் தூதுவராகவே டோக்கியோவுக்கு வந்தார். மனைவி ஹரு, முன்னாள் பிரதமர் மத்சுகதாவின் பேத்தி. 1964 மார்ச்சில் மனநிலை பிறழ்ந்த ஓர் இளைஞன் தூதரக வாசலில் அவரைக் கத்தியால் குத்தினான். வைத்தியசாலையில் யப்பானியர் கொடுத்த இரத்தம் ஏற்றினார்கள். இப்போது தம் உடம்பிலும் யப்பானிய இரத்தம் ஓடுகிறது என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். அந்த இரத்தத்தோடு ஈரல் அழற்சியும் வந்தது. அவர் 1990இல் காலமாகும்வரை அது அவரைவிட்டு நீங்கவில்லை. அவருடைய தமையன் ரொபேட் 1937 ஓகஸ்டில் ஷாங்காயில் குண்டுவீச்சில் இறந்திருந்தார்.

அந்தக் குடும்பத்தில் பிரபலமில்லாத பிள்ளை ஒன்று உண்டு. 1914இல் பிறந்த தங்கை ஃபெலிசியா. அவருக்குக் காது கேளாது. செவிப்புலன் இல்லாத பிள்ளையைப் பேசவைக்க எங்கெங்கோ முறைகள் இருக்கின்றன என்று தாய் ஹெலனும் தகப்பனாரும் விசாரித்தறிந்தார்கள். தம் மகளைப்போன்ற யப்பானியப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை என்பதையும் கண்டார்கள். 1920இல், லோயிஸ் கிரேமர் என்ற மிஷனரி ஆசிரியையோடு சேர்ந்து, டோக்கியோவில் ஒரு சிறு பள்ளியைத் தொடக்கினார்கள். நிப்பொன் ரோவா கக்கோ என்பது அதன் பெயர். சைகை மொழியை ஒதுக்கி வாய்ப்பேச்சை வற்புறுத்திய அந்த முறையைப் பற்றி இன்று மாற்றுக் கருத்துகள் பல உண்டு. நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தப் பள்ளிக்கூடம் டோக்கியோவில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.